நாலு கிலோமீட்டர் கீரை

ஜூன் 12, திங்கள்

இந்த நோட்டு டாக்டரம்மா சொல்லி வாங்கியது. தினை என்ன சாப்பிடுகிறாள், எதைத் தொடுகிறாள், எதை வாயில் வைக்கிறாள் எல்லாவற்றையும் தினமும் இதில் எழுதிவர வேண்டும். இரண்டு மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுக்கும்போது நோட்டையும் பார்ப்பாராம். "சும்மா சாதம், குழம்புன்னு எழுதாதீங்க. எங்க வாங்கினது, யார் விளைவிச்சதுன்னு எழுதுங்க" என்றார். இதை என்னிடம் சொல்லவேண்டியதில்லை. யார் விளைவித்தது என்று எழுதுவதுதான் என் தொழிலே.

டாக்டருக்காக ஓர் அறிமுகம். என் பெயர் திருமூர்த்தி. வேப்பங்கரட்டில் 'வேரடி இயற்கை அங்காடி' என்னுடையது. எங்கள் கடையின் ஒவ்வொரு கீரைக்கட்டிலும் ஒரு சீட்டு இருக்கும். சீட்டில் நாச்சிமுத்து அண்ணன் சிரித்துக்கொண்டிருப்பார். அவர் படத்துக்குக் கீழே, "இவர் நாச்சிமுத்து. இவர் தோட்டம் இங்கிருந்து நாலு கிலோமீட்டர். வேறென்ன தெரியவேண்டும் உங்களுக்கு?" என்று அச்சடித்திருக்கும். ஆறு வருஷமாக வேறென்ன என்று ஒருவரும் கேட்டதில்லை.

மகளுக்கு ஐந்து வயது. முழுப்பெயர் செந்தினை. மூன்று மாதமாக வயிற்றுவலி, ரத்தசோகை. எந்நேரமும் ஒரு சோர்வு. கடை அலமாரியில் பதினேழு கண்ணாடி டப்பாக்களில் தானியம் வைத்திருக்கிறேன். நாலு வயதில் பதினேழின் பெயரையும் ஒரே மூச்சில் சொல்வாள். வாடிக்கையாளர்கள் படம் பிடிப்பார்கள். போன மாதம் வரகைப் பார்த்து, "அது... அது..." என்று நின்றுவிட்டாள். நேற்று ஒன்பது டப்பாவோடு சரி.

ரத்தத்தில் ஈயம் பதினாலு. "அஞ்சைத் தாண்டினாலே எங்கிருந்து வருதுன்னு தேடணும்" என்றார் டாக்டரம்மா. "இது வயித்தோட போற சமாச்சாரம் இல்லை. இந்த வயசுல மூளையைத் தொடும். தொட்டது முழுசாத் திரும்பாது. வர்ற வழியை அடைக்கறதுதான் வைத்தியம்."

இன்று காலை கம்பங்கூழ். மதியம் சோறு, அரைக்கீரைக் கடைசல். இரவு முருங்கைக்கீரை அடை. எல்லாம் நம் கடைச் சரக்கு. ஆகவே இந்தப் பக்கத்தில் சந்தேகிக்க ஒன்றுமில்லை.

ஜூன் 13, செவ்வாய்

விசாரணையைத் தொடங்கிவிட்டேன்.

முதல் குற்றவாளி கண்மை. மாமியார் வீட்டிலிருந்து வருவது, எந்த ஊர்க் கரி, எந்த ஊர் எண்ணெய் என்று அட்டையில் ஒரு தகவலும் இல்லை. அட்டையே இல்லை. இதைச் சொன்னபோது கலைவாணியின் முகம் மாறியது. என் மனைவி, கடையின் வாட்ஸ்அப் குழுவை அவள்தான் நடத்துகிறாள். குழுவின் பெயர் 'வேரடிக் குடும்பம்', உறுப்பினர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர். தன் தாய் வீட்டின்மேல் பழி வந்தாலும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

அடுத்து வண்ணப் பென்சில்கள். தேர்த்திருவிழாவில் வாங்கிய மரக்குதிரை. கழுத்தில் நக்கிய அடையாளம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தின் பச்சைச் சுவர். எதிர்வீட்டு அம்மாள் கொடுக்கும் முறுக்கு. அந்த முறுக்கின் நிறம் எனக்கு எப்போதுமே பிடித்ததில்லை.

"கீரை?" என்றாள் கலைவாணி.

நான் சிரித்தேன். கொஞ்சநேரம் கழித்து அவளும் சிரித்தாள்.

ஜூன் 14, புதன்

நாச்சிமுத்து அண்ணன் தோட்டத்துக்குப் போனேன். வாரம் ஒருமுறை போவது வழக்கம். சந்தேகப்பட்டுப் போகவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

பாத்திகள் பச்சையாக நின்றன. நாற்றெல்லாம் அவர் வழக்கப்படி கருப்புப் பிளாஸ்டிக் பெட்டிகளில். ஒவ்வொரு பெட்டியிலும் ஆறு அறை. அறைக்கு ஒரு பிடி மண், ஒரு பிடி விதை. பக்கத்துத் தகரக் கொட்டகையில் எதையோ உடைத்தபின் எறிகிற பெட்டிகள், இவர் சும்மா எடுத்துக்கொள்கிறார். போன வருஷம் நானே படமெடுத்து, 'குப்பையிலும் பசுமை' என்று போட்டேன். முந்நூறு பேர் விரும்பினார்கள். கொட்டகையில் என்ன உடைக்கிறார்கள் என்று அப்போது கேட்டதாக நினைவில்லை. இன்றும் கேட்கவில்லை. கொட்டகைக்குப் பின்னால் புகை எழுந்தது. சமையல் புகையாக இருக்கலாம். ஒரு பெட்டியின் பக்கத்தில் '12 வோல்ட்' என்று அழியாமல் இருந்தது. கீரைக்கு மின்சாரம் தேவையில்லை. மண் ஒட்டி மறைத்துவிட்டேன், படத்தில் விழுந்தால் அழகாக இராது.

நான் கிளம்பும்போது அவர் மனைவி வேலாத்தாள் பேருந்திலிருந்து இறங்கி வந்தார். கையில் ஒயர்க்கூடை. கூடையில் அரைக்கீரை இரண்டு கட்டு, கொத்தமல்லி, முள்ளங்கி.

"ஏனுங்கக்கா, கீரைத் தோட்டத்துக்காரங்களே கீரை வாங்கிட்டு வர்றீங்க?"

"வாய்க்கு ஒரு மாத்தமா இருக்கட்டும்னுதானுங்க."

"எங்க வாங்கினீங்க?"

"மணிக்குழி சந்தையிலங்க."

"இருபத்திரண்டு கிலோமீட்டர் போயா?"

"பஸ்ஸுல பொம்பளைகளுக்கு ஓசிதானுங்களே" என்று சொல்லிவிட்டு வேகமாக உள்ளே போனார். நாச்சிமுத்து அண்ணன் மோட்டாரையே பார்த்துக்கொண்டிருந்தார். மோட்டார் நன்றாகத்தான் ஓடியது.

ஆட்டுப்பட்டி காலியாக இருந்தது. "வித்துட்டீங்களா?" என்றேன்.

"அது ஆச்சுங்க, பங்குனியிலயே" என்றார்.

எது ஆச்சு என்று நான் கேட்கவில்லை. பேருந்துக்கு நேரமாகிவிட்டது. நான் போனது என் வண்டியில்.

ஜூன் 18, ஞாயிறு

காலை இட்லி. மதியம் தண்டுக்கீரைக் கூட்டு, நாலு கிலோமீட்டர். சாயங்காலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டாள்.

ஜூன் 20, செவ்வாய்

கண்மையை நிறுத்தி ஒரு வாரமாகிறது. வலி நிற்கவில்லை. பென்சில்களையும் பிடுங்கிவிட்டேன். குதிரை பரண்மேல். மாமியாரைச் சமாதானப்படுத்தும் பொறுப்பு கலைவாணியிடம்.

ஜூன் 21, புதன்

மணிக்குழி சந்தைக்குப் போனேன், மூங்கில் கூடை வாங்க. கடைத் துணிப்பையை உள்பக்கம் வெளியே வரும்படித் திருப்பிக்கொண்டேன். வெயிலில் 'வேரடி' என்ற எழுத்து வெளுத்துவிடும்.

மணிக்குழியைப் பற்றி வாடிக்கையாளர்களிடம் நான் வழக்கமாகச் சொல்வது: "அந்த ஊர் ஆத்துக்கு வாரத்துல ஏழு நிறம்." சாயப்பட்டறைத் தண்ணீர். நகைச்சுவையாகத்தான் சொல்வேன், ஆனால் கூடையை வைத்துவிட்டு எல்லாரும் என் கீரையைத் தடவிப் பார்ப்பார்கள்.

கீரை வரிசையில் முப்பது வயதுப் பெண் ஒருத்தி சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் சாவித்திரி என்று கூப்பிட்டார்கள். கட்டுகளை வாழைநாரால் கட்டியிருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால், தினை வயதில் ஒரு பெண்குழந்தை பச்சைத் தண்டைக் கடித்துக்கொண்டிருந்தது.

"உங்க தோட்டமாங்க?"

"தோட்டமெல்லாம் இல்லீங்ணா. ஆத்துப்பாலத்துக்குப் பக்கத்துல அரை ஏக்கரா, குத்தகைக்கு."

"ஆத்துத் தண்ணியா?"

"ஐய, அந்தத் தண்ணியில சீலைதான் முக்கி எடுக்கலாம், சாயம் மிச்சம். நாங்க பஞ்சாயத்துக் கெணத்துல இருந்து எறைக்கறமுங்க."

"நீங்க சாப்பிடுவீங்களா, இதை?"

அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "இதென்னங்ணா கேள்வி? விக்கறதுக்கு மட்டும் வெளைய வைக்கறதுக்கு இது என்ன பீடியா? இதா, இந்த மைனாக் கழுதை காத்தால இருந்து ஒரு கட்டு தின்னுபோட்டா. டாக்டரு ரத்தம் பத்தலைன்னாரு, அதான் உட்டுட்டேன்."

இரண்டு கட்டு வாங்கினேன், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக.

கூடை வாங்க மறந்துவிட்டேன்.

ஜூன் 22, வியாழன்

மதியம் சிறுகீரைப் பொரியல். கீரை வெளியூர். ஆடிக்கு முன் நம் கடைக் கீரை லேசாகத் துவர்க்கும் என்பதால் வீட்டுக்கு மட்டும் மாற்றிப் பார்க்கிறேன். நானே ஆய்ந்து, நறுக்கிக் கொடுத்துவிட்டேன். கலைவாணியிடம் சொல்லவில்லை, துவர்ப்பைப் பற்றி மனைவியிடம் என்ன பேசுவது. வாடிக்கையாளர்களிடமும் சொல்லவில்லை. துவர்ப்பு உடம்புக்கு நல்லது.

கட்டியிருந்த நாரைத் தினை வாங்கிக்கொண்டாள். பொம்மைக்கு வளையலாம்.

ஜூன் 27, செவ்வாய்

கோவையில் ஒரு பரிசோதனைக் கூடத்துக்குப் போனேன். எல்லாவற்றையும் சோதித்துவிடுவது என்று முடிவெடுத்தவன் ஒன்றை மட்டும் விடக்கூடாது. நாச்சிமுத்து அண்ணன் அரைக்கீரை ஒரு கட்டு. சீட்டையும் ரப்பர் வளையத்தையும் கழற்றிவிட்டு வெள்ளைப் பையில் போட்டுக் கொண்டுபோனேன்.

படிவம் நிரப்பும்போது அங்கிருந்த பெண், "சார், உங்களை எங்கயோ பாத்திருக்கேன். வேரடி கடை..." என்றாள்.

"இல்லைங்க" என்றேன்.

"அப்ப சாம்பிள் எங்கிருந்து எடுத்ததுன்னு போடுங்க."

அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். 'மணிக்குழி சந்தை' என்று எழுதினேன். ஓர் ஊர்ப்பெயர்தானே. இயந்திரம் இலையைத்தான் சோதிக்கிறது, முகவரியை அல்ல.

ஜூலை 8, சனி

உறை வந்தது. கடையில் கூட்டம்.

ஜூலை 9, ஞாயிறு

உறை இருக்கிறது.

ஜூலை 10, திங்கள்

பிரித்தேன். ஈயம், அனுமதித்த வரம்பைப்போல் 11 மடங்கு.

கூடம் தவறு செய்யலாம். இயந்திரமும் தவறு செய்யலாம். ஒன்று என்று அடிக்கும்போது விரல் இரண்டுமுறை பட்டு, பதினொன்று என்று ஆகியிருக்கலாம். மறுபடி சோதிக்கவேண்டும். அவசரமில்லை.

அறிக்கையை இந்த நோட்டுக்குள் செருகி வைத்தேன். பத்திரமான இடம்.

ஜூலை 11, செவ்வாய்

பத்திரமான இடம் இல்லை. அலமாரி துடைக்கும்போது கலைவாணி நோட்டை எடுக்க, அறிக்கை கீழே விழுந்திருக்கிறது. நோட்டைப் படிக்கவில்லை. என் கையெழுத்தைப் படிக்கும் முயற்சியை அவள் கல்யாணத்துக்கு முன்பே கைவிட்டுவிட்டாள். ஆனால் அறிக்கை அச்சில் இருந்தது.

கடைக்கே ஓடிவந்தாள். "ஏனுங்க! மணிக்குழிக் கீரையில பதினொரு மடங்கு ஈயமா? இதைச் சோதிக்கக் குடுத்தீங்கன்னு சொல்லவே இல்லை?"

"சொல்லலாம்னுதான்..."

"நம்ம புள்ளை மாதிரி எத்தனை புள்ளைங்க அதைத் தின்னுட்டு இருக்கும்! தெரிஞ்சும் நாம சும்மா இருந்தா அடுக்குங்களா?"

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்வதற்காகத் திறந்தேன் என்பது தெரிவதற்குள் அவள் அறிக்கையைப் படமெடுத்துக் குழுவில் போட்டுவிட்டாள். வாயை மூடுவதற்குள் நாற்பத்து மூன்று பேர் கைகூப்பியிருந்தார்கள்.

இரவுக்குள் அது மணிக்குழிக்கே போய்ச் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார்கள். உண்மை நடந்து போகும் என்பார்கள். இது எதில் போனதோ.

ஜூலை 14, வெள்ளி

காலை பத்து மணிக்குள் கீரை தீர்ந்துவிட்டது. ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர் அருளப்பன், நடையாளர் சங்கத்தின் சார்பில் ஒரு பொன்னாடையோடு வந்தார்.

"பெரிய காரியம் பண்ணியிருக்கீங்க மிஸ்டர் திருமூர்த்தி. ஒரு தனி மனுஷன், சொந்தச் செலவுல, அடுத்த ஊர்க் கீரையைச் சோதிச்சு..."

"அது என் கடமை சார்."

"நம்ம கீரையையும் ஒரு தடவை சோதிச்சு அந்த அறிக்கையையும் மாட்டிடுங்க. சும்மா, ஒப்பிட்டுப் பாக்கறதுக்கு."

"செஞ்சாச்சு சார்" என்றேன். இந்த நோட்டில் இதுவரை எழுதியதிலேயே முழு உண்மையான வாக்கியம் இதுதான்.

பொன்னாடை பாலியெஸ்டர். இயற்கை இழை இல்லையே என்று நான் சுட்டிக்காட்டவில்லை.

மணிக்குழியிலிருந்தே ஆட்கள் கேட்கிறார்கள் என்பதால் வேன் ஒன்று ஏற்பாடு. தினமும் காலை. நாச்சிமுத்து அண்ணன் புதிதாக நாற்பது கருப்புப் பெட்டி எடுத்துக்கொண்டாராம்.

ஜூலை 19, புதன்

மணிக்குழி. கீரை வரிசையில் மூன்றே பேர். போன மாதம் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். சாவித்திரியின் சாக்கில் கட்டுகள் வாடிக் கிடந்தன.

"போனைப் பாக்கலீங்களாண்ணா? இந்தச் சந்தைக் கீரையில வெசமாம். ஊரெல்லாம் அதேதான் பேச்சு."

"பார்த்தேன்."

"பொறகும் வாங்கறீங்க?"

"எனக்கு இந்தக் கீரைமேல நம்பிக்கை இருக்குங்க."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெயில் அதிகம்.

"ஊரே சந்தேகப்படுது, நீங்க ஒருத்தரு நம்பறீங்க. நல்லா இருப்பீங்கண்ணா, உங்க புள்ளைகுட்டியோட" என்று சொல்லி, கேட்காமலே ஒரு கட்டைக் கூடுதலாக வைத்தாள். திருப்பிப் போட்ட பையில் மூன்று கட்டும் அடங்கின. பொன்னாடையைவிட இது கனம்.

ஜூலை 22, சனி

டாக்டர் கவனத்துக்கு: பத்து நாளாக வயிற்றுவலி இல்லை. இன்று பதின்மூன்று டப்பா சொன்னாள். வரகைப் பார்த்து வரகு என்றே சொன்னாள்.

காரணம், கண்மையை நிறுத்தியது.

ஜூலை 25, செவ்வாய்

நாச்சிமுத்து அண்ணன் தோட்டம். கேட்டுவிடுவது என்று போனேன். போய் அரைமணி நேரம் ஆடிப்பட்டம் பற்றிப் பேசினோம். பிறகு கேட்டேன்.

"அண்ணா, நீங்க இந்தக் கீரையைச் சாப்பிடறதுண்டா?"

அவர் மோட்டாரை நிறுத்தினார். "இல்லீங்க."

"எத்தனை நாளா?"

"ஆடு செத்ததுல இருந்துங்க. நாலு உருப்படி. கழிச்ச கீரையெல்லாம் அதுகளுக்குத்தான் போடுவோம். கண்ணு தெரியாமப் போயி, செவுத்துல முட்டி முட்டி, நொரை தள்ளி..." கையால் காற்றைத் தள்ளிக் காட்டினார். "அதுக்கு மேல வேலாத்தா ஒலையில ஏத்தலீங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீங்க உரம் போடறியான்னீங்க, இல்லீன்னேன். மருந்து அடிக்கறியான்னீங்க, இல்லீன்னேன். நாட்டு வெதையான்னீங்க, ஆமான்னேன். தூரம் எத்தனைன்னீங்க, நாலுன்னேன். நீ திங்கறியான்னு கேக்கவே இல்லீங்களே."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. படிவத்தில் விட்டுப்போன ஒரு கட்டத்தைக் காட்டுவதுபோலச் சொன்னார்.

"அந்தக் கொட்டகையில என்ன பண்றாங்க?"

"பழைய பேட்டரி ஒடைக்கறாங்க. ஈயத்தை உருக்கி எடுத்துக்கிட்டு பெட்டியை எறிஞ்சர்றாங்க. கழுவுன தண்ணி நம்ம கெணத்துப் பக்கந்தான் எறங்குது. ஆடு போனப்பவே பெட்டியெல்லாம் தூக்கி வீசிரலாம்னுதான் இருந்தேன். நீங்கதான் நல்லாருக்குன்னு படம் புடிச்சுப் போட்டிருந்தீங்க. அப்பறம் நான் எப்படிங்க வீசறது?"

அவர் ஒரு பெட்டியைக் காலால் ஓரமாகத் தள்ளினார்.

"நாளையில இருந்து நிறுத்திரட்டுங்களா, தம்பி?" என்றார்.

நேரடியான கேள்வி. வேன் வந்து நின்றது. ஆட்கள் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்கள். "ஏத்துங்க" என்று ஒரு குரல் கேட்டது. என்னுடைய குரலைப் போலிருந்தது.

ஆகஸ்ட் 2, புதன்

மணிக்குழியில் சாவித்திரியின் இடம் காலி. பக்கத்து அம்மாளிடம் வாங்கினேன். அதுவும் வாழைநார்தான்.

ஆகஸ்ட் 9, புதன்

சாவித்திரி இருந்தாள். சாக்கில் கீரை இல்லை, தென்னஞ்சீமாறு அடுக்கியிருந்தது.

"கீரை?"

"உழுது போட்டுட்டனுங்ணா."

"ஏன்? நான்தான் வாங்கறனே."

"நீங்க ஒருத்தரு நம்பறீங்கங்கறதுக்காக வெசத்தை விக்க முடியுங்களா? காயிதத்துல பதினொண்ணுன்னு போட்டிருக்கு. எம்புள்ளைக்குக் குடுக்கவே பயந்துட்டு, அடுத்தவங்க புள்ளைக்கு எப்படிங்ணா கட்டிக் குடுக்கறது?"

எப்படி என்று எனக்குத் தெரியும்.

மைனா சாக்கின்மேல் சுருண்டு படுத்திருந்தாள். "இவளுக்குக் கீரை?" என்றேன்.

சாவித்திரி சீமாற்றுக் கட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு கீரைக்கட்டை எடுத்துக் காட்டினாள். ரப்பர் வளையம். சீட்டு.

"வேப்பங்கரட்டுல இருந்து வேனுல வருதுங்க. வெலை சாஸ்திதான். எனக்கு வேண்டாம், இவளுக்கு மட்டும் நெதமும் ஒரு கட்டு, ரெண்டு வாரமா. பாருங்ணா இந்த மனுசனை. இந்தச் சிரிப்புல பொய் இருக்குதுங்களா?"

நாச்சிமுத்து அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் எடுத்த படம். "பல்லு தெரியணுங்களா?" என்று அன்றைக்குக் கேட்டார். தெரியணும் என்றேன்.

"அண்ணனுக்கு இந்தக் கடை தெரியுங்களா?"

"கேள்விப்பட்டிருக்கேன்."

"நல்ல கடைங்களா?"

ஏதோ சொன்னேன். தலையை ஆட்டினேன் என்று நினைக்கிறேன்.

"ரெண்டு நாளா வவுறு வலிக்குதுங்கறா" என்று மைனாவின் நெற்றியைத் தடவினாள். "புதுக் கீரை ஒடம்புக்குப் பழகோணும். போகப் போகச் செரியாயிரும்."

சீமாறு இரண்டு வாங்கினேன்.

ஆகஸ்ட் 10, வியாழன்

ரத்தத்தில் ஈயம் ஒன்பது. பதினாலிலிருந்து ஒன்பது.

கலைவாணி டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "இன்னும் இறங்கணும். ஆனா வழி அடைபட்டிருக்கு" என்றார் அவர். "எதை மாத்தினீங்க? அதைச் சரியாத் தெரிஞ்சுக்கணும். இந்த வாரம் மட்டும் இதே வயித்துவலியோட மூணு குழந்தைங்க வந்திருக்கு."

"கண்மையை நிறுத்தினோம் டாக்டர்" என்றாள் கலைவாணி.

"ஆமாம்" என்றேன்.

"நாருக் கீரை" என்றாள் தினை.

டாக்டரம்மா குனிந்தார். "என்னம்மா அது?"

"எங்க ஊட்டுக்கு நாரு கட்டுன கீரை. கடைக்கு ரப்பரு கட்டுன கீரை. அப்பா பையைத் திருப்பிப் போட்டுட்டுப் போயி வாங்கிட்டு வருவாரு." பொம்மையை நீட்டினாள். முழங்கை வரைக்கும் வாழைநார் வளையல்கள். ஏழு வாரத்துக்கான வளையல்கள். தானியத்தின் பெயரை மறந்த பிள்ளை இதையெல்லாம் கவனித்திருக்கிறது.

கலைவாணி பொம்மையைப் பார்த்தாள். பிறகு என்னை.

டாக்டரம்மா நோட்டைத் திறந்தார். இரண்டு பக்கம் புரட்டினார். தலைகீழாகப் பிடித்திருக்கிறோமோ என்று ஒருமுறை திருப்பிப் பார்த்தார். "என்னங்க எழுதியிருக்கீங்க? என்னாலயே படிக்க முடியலையே."

"குடுங்க டாக்டர்" என்று கலைவாணி கையை நீட்டினாள். "நான் கேட்டுக்கறேன்."

வீட்டுக்கு வந்து அவள் கஞ்சி வைத்தாள். கீரை சமைக்கவில்லை.

ஆகஸ்ட் 11, வெள்ளி

பேருந்தில் எழுதுகிறேன். எழுத்து ஆடினால் சாலை அப்படி.

காலையில், கடைச் சாவியை எடுக்கும்போது கேட்டாள்.

"நம்ம புள்ளைக்கு மணிக்குழிக் கீரைங்களா?"

"ஆமா."

"அப்ப அந்த அறிக்கை?"

"நாச்சிமுத்து அண்ணன் கீரை. படிவத்துல ஊரை மாத்திப் போட்டுட்டேன்."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "நாந்தானே அனுப்பினேன். நானூத்திப் பன்னெண்டு பேருக்கு."

"உனக்குத் தெரியாதே."

"உங்களுக்குத் தெரியுமே."

பிறகு சாவித்திரியைப் பற்றிச் சொன்னேன். சொல்லாமல் விட ஒரு வழியும் தோன்றவில்லை.

"அந்தப் புள்ளைக்கு என்ன வயசு?"

"தினை வயசு."

"வவுறு வலிக்குதுன்னு சொல்லிச்சா?"

"ம்."

கலைவாணி வேன்காரரைக் கூப்பிட்டு, ஏற்றியதை இறக்கச் சொன்னாள். குழுவில் எழுதினாள்: "சோதித்தது எங்கள் கடைக் கீரை, மணிக்குழிக் கீரை அல்ல. வாங்கிய கீரையை யாரும் சாப்பிடவேண்டாம். குழந்தைகளுக்கு ரத்தம் சோதியுங்கள்." இந்தமுறை யாரும் கைகூப்பவில்லை. பேராசிரியர் அருளப்பன் மட்டும் ஒரே ஒரு கேள்விக்குறி போட்டார். என் அலைபேசி அதற்குப் பின் நிற்காமல் அடித்தது. அதை வாங்கி அரிசிப் பானைமேல் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

"நோட்டை எடுத்துக்குங்க."

"எதுக்கு? அதான் குழுவுல போட்டாச்சே."

"அந்தப் பொண்ணு நம்ம குழுவுல இல்லை. அவ ஊட்டுக்குப் போயி மொதப் பக்கத்துல இருந்து நீங்களே படிச்சுக் காட்டுங்க. உங்க எழுத்து வேற யாருக்கும் வெளங்காது."

தினை சன்னலோரம் உட்கார்ந்து கடைப்பெயர்களை வாய்விட்டு வாசித்துக்கொண்டு வருகிறாள். கலைவாணி மடியில் துணிப்பை. சரியான பக்கமாகத் திருப்பி வைத்திருக்கிறாள். வேரடி என்ற எழுத்து கொஞ்சம்கூட வெளுக்கவில்லை. எதிரில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் அதையே படித்துக்கொண்டு வருகிறார்.

மணிக்குழி 4 என்று மைல்கல் போகிறது.

ஆறு வருஷமாக எல்லாருக்கும் அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன். நாலு கிலோமீட்டர் இவ்வளவு பக்கம் என்று நினைத்ததில்லை.